வேற காட்டுங்க, தனசேகர்

ஆலோசகராகப் புதிதாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரப் போகும் உங்களுக்கு ஒரு விஷயத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் மூக்குக்கு லீவு. நேரில் வந்து எதிரே உட்காருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் குடித்திருக்கிறாரா இல்லையா என்று மூக்கு சொல்லிவிடும். வீடியோவில் அது நடக்குமா? ஆள் படிய வாரின தலையும் விபூதியுமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாமும் ‘அடடா, என்ன ஒரு முன்னேற்றம்!’ என்று பூரித்துப்போவோம். நான் அப்படிப் பூரித்துப்போன கதைதான் இது. சிரிக்கத் தோன்றினால் தாராளமாகச் சிரியுங்கள், எனக்கே இப்போது சிரிப்புத்தான் வருகிறது.

அடையாறில் இருந்த எங்கள் மையத்தில், தீராத வலியும் கூடவே குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் போனிலும் வீடியோவிலும்தான். மந்தைவெளியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டே பேசுவேன். மாத்திரை மருந்து எல்லாம் பெரிய டாக்டர் பொறுப்பு, பேச்சு என் பொறுப்பு. அந்த டாக்டர் ஒரு தினுசான மனிதர். “ரொம்ப நல்லாப் பேசற பேஷன்ட்டப் பாத்தாத்தாம்மா எனக்குப் பயம்” என்பார். எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிற மனுஷன் என்று நான் மனசுக்குள் முணுமுணுத்துக்கொள்வேன்.

தனசேகர் (அவருடைய சொந்தப் பெயர் இது இல்லை) தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் முகூர்த்தப் பட்டு பிரிவில் விற்பனையாளர். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நின்றபடியே வேலை. இடுப்பில் ஆரம்பித்துக் கால்வரைக்கும் இழுக்கிற வலி. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று, கத்தி வைத்துச் சரிசெய்கிற மாதிரி எதுவும் இல்லை. வலி மறக்க ராத்திரி கொஞ்சம் என்று தொடங்கியது, வருஷக்கணக்கில் வளர்ந்து, தினமும் ஒரு குவார்ட்டர், அதற்கு மேலும் என்று ஆகிவிட்டது.

ஒருநாள் ஃப்ளோர் மேனேஜருக்கு வாடை வந்துவிட்டது. “தீபாவளி வரைக்கும் பாப்பேன் தனசேகர். இன்னொரு வாட்டி வாடை வந்துச்சுன்னா வீட்டுக்குப் போயிடு” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் மனிதர் எங்களிடம் வந்தார். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் ‘தனசேகர் இருக்காரா?’ என்று பெயர் சொல்லிக் கேட்கிற கவுண்டர் அது. ஐம்பதை நெருங்குகிற வயதில் வேறு கடையில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்த முதுகை வைத்துக்கொண்டு மூட்டை தூக்கவும் முடியாது. அவருக்கு அந்த கவுண்டர்தான் எல்லாம்.

வியாழக்கிழமை காலை, கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் எங்கள் பேச்சு. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் ஒற்றை அறை வீடு, தனியாகப் பேச இடம் கிடையாது. அதனால் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து போனை எதிரே சாய்த்து வைத்துக்கொள்வார்.

“வணக்கம் மேடம்! சூப்பரா இருக்கேன் மேடம். நீங்க சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சி இருக்கே, ஃபர்ஸ்ட் கிளாஸ்! வலி பாதி குறைஞ்சிடுச்சு.”

“குடி?”

“அத ஏன் மேடம் கேக்கறீங்க! எப்பவாவது ஒருநாள், அதுவும் பேருக்கு.”

முகத்தில் அப்படி ஒரு களை. கண் மட்டும் லேசாகச் சிவந்திருக்கும். ராத்திரி கடை மூடி வீடு வந்து படுக்க நேரமாகிறது, தூக்கம் போதவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் மையத்துக் கூட்டத்தில் இவரைப் பற்றிப் பெருமையாக வேறு பேசினேன். டாக்டர் “ம்” என்றார். அந்த “ம்” எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

புரட்டாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. தனசேகர் வழக்கம்போல ஜொலித்துக்கொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி வசந்தா, துணி உலர்த்த வாளியோடு மேலே வந்தார். கொடியில் ஒரு லுங்கியை உதறிப் போட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, வாளியை டங்கென்று கீழே வைத்துவிட்டு நேராகப் போனுக்கு முன்னால் வந்து குனிந்தார்.

“யம்மா, நீங்க தான் அந்த போன் டாக்டரா?”

“டாக்டர் இல்லைம்மா, ஆலோசகர்.”

“ஏதோ ஒண்ணு. இன்னாம்மா நீங்க! ஒங்க போன் வர்ற நாள்ல மட்டும் தான் இந்தாளு காலைலயே குடிக்கிறாரு!”

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

“மத்த நாள்ல எல்லாம் ராத்திரி தான். வியாழக்கெழம ஆனா போதும், நேத்து மீதி வச்சத ஊத்திக்கினு, பல்ல வெளக்கிக்கினு, பவுடர் போட்டுக்கினு மாடிக்கு வந்துடறாரு. போன வாரம் கடைல அந்த மேனேஜரு மூஞ்சிகிட்ட வந்து நின்னாராம். ஏலக்காய மென்னுகினு எப்டியோ தப்பிச்சு வந்துகிறாரு. இவுரு வேல போச்சுன்னா அதுக்கு நீங்க தாம்மா காரணம்!”

தனசேகர் போனைப் பிடுங்கப் பார்த்ததில் அது சாய்ந்து, எனக்கு வானமும் ஒரு காக்கையும் மட்டும் தெரிந்தன. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ‘ஏன்யா இத்தனை வாரமா எங்கிட்டப் பொய் சொன்னே?’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் அவர் கட் செய்திருப்பார். நேரில் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவரை வாசல்வரை போய்க் கூப்பிடலாம். போனில் சிவப்புப் பட்டனைத் தொட்டால் தீர்ந்தது, அப்புறம் ஆளைப் பிடிக்கவே முடியாது. அதனால் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு வேறு கேள்வி கேட்டேன்.

“தனசேகர், காலைல எழுந்ததும் வலி எப்படி இருக்கும்?”

காக்கை பறந்துபோனது. தனசேகரின் குரல் மட்டும் வந்தது.

“காலைல தான் மேடம் உசுரு போவும். எழுந்து நிக்கவே சொவத்தப் புடிச்சுக்கணும். அப்படியே ஒங்க முன்னாடி மூஞ்ச சுளிச்சுகினு, ஐயோ அம்மான்னு மொனகிகினு ஒக்காந்தா நல்லாவா கீது? நீங்க எவ்ளோ மரியாதையா பேசறீங்க. கடைல சேர்ந்த மொதநாளே சொன்னது இன்னா? கஸ்டமர் முன்னாடி மூஞ்ச தூக்கி வச்சுக்கக் கூடாது.”

பார்த்தீர்களா? எனக்காக விபூதி, எனக்காகப் பவுடர், எனக்காக ஒரு கட்டிங்! மரியாதை கொடுப்பதற்காகக் குடித்திருக்கிறார் மனுஷன். கோபம் இருந்த இடம் தெரியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வசந்தாவும் சிரித்தார். இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். இத்தனை வாரமும் அவர் என்னிடம் பேசியது கடைத் தமிழ். ‘இருக்கு’, ‘சூப்பர்’, ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’. வலியைப் பற்றி நிஜமாகப் பேசியபோது ‘இருக்கு’ போய் ‘கீது’ என்று வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

“சரி, நான் கஸ்டமர்னே வச்சுக்கோங்க” என்றேன். “இத்தனை வாரமா நீங்க காட்டினது எதுவும் எனக்குப் பிடிக்கலை. வேற காட்டுங்க.”

போன் நிமிர்ந்தது. அவர் முகம் தெரிந்தது. ‘வேற காட்டுங்க’ என்று ஒரு கஸ்டமர் சொல்லிவிட்டால் கை தானாக அடுத்த தட்டுக்குப் போகிற மனிதர் அவர். எடுத்துக் காட்ட ஆரம்பித்தார். எவ்வளவு குடிக்கிறார், எங்கே ஒளித்து வைக்கிறார், கடை மூடுகிற நேரத்தில் வலி எப்படி ஏறுகிறது, மூச்சுப் பயிற்சியை ஒருநாள்கூடச் செய்ததில்லை என்பது உட்பட எல்லாம் வந்தது. வசந்தா பாதியில் கீழே போய்விட்டார், மீதித் துணி வாளியிலேயே இருந்தது.

உடனே டாக்டரிடம் சொன்னேன். இந்த இடத்தில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நிறையக் குடித்துப் பழகியவரிடம் ‘இன்னியோட நிறுத்துங்க’ என்று வீராப்பாகச் சொல்லிவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் அவரை அடையாறுக்கு நேரில் வரவழைத்துப் பார்த்து, மருந்து கொடுத்து, படிப்படியாகக் குறைக்க வழி செய்தார். எல்லாம் முடிந்து என்னைப் பார்த்து மறுபடியும் ஒரு “ம்” போட்டார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன், வேறு வழி?

மையத்தில் என்னோடு வேலை செய்த ஒருவர், வியாழக்கிழமை காலையில் வசந்தாவையே பாட்டிலைச் சோதித்துப் பார்க்கச் சொல்லலாமே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அம்மாள் இரண்டு வீட்டில் சமையல் வேலை செய்துவிட்டு, வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அதற்கு மேல் போலீஸ் வேலை வேறா? அடுத்த வாரமே புருஷன் பெண்டாட்டி சண்டை வரும், அதையும் நாம்தான் தீர்த்துவைக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். தனசேகரிடம் மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: வியாழக்கிழமை என் முன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

வந்தார் பாருங்கள்! தலை வாரவில்லை, பவுடர் இல்லை, முகம் கடுகடுவென்று இருந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. மேனேஜரைத் திட்டினார், ஏசியைத் திட்டினார், நூறு புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ‘அப்புறம் வரோம்’ என்று போகிறவர்களைத் திட்டினார், கடைசியில் என்னையும் திட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம்.

“இனிமே நீங்கதான் கஸ்டமர், நான் விக்கறவ” என்றேன். “நான் ஒவ்வொண்ணா எடுத்துப் போடறேன். பிடிக்கலைன்னா முகத்துக்கு நேரா சொல்லணும். என் மனசு நோகுமேன்னு தலையாட்டக் கூடாது.”

காலம் பூராவும் பிடிவாதக்காரக் கஸ்டமர்களிடம் மாட்டிக்கொண்டவர் இல்லையா, பிரமாதமான பிடிவாதக்காரராக மாறிவிட்டார். மூச்சுப் பயிற்சி? “கவுண்டர்ல கண்ண மூடினா தூங்கறான்னு சொல்லுவாங்க. வேணாம்.” காலையில் நடை? “நாள்பூரா நிக்கிறவன நடக்கச் சொல்றீங்களே, மனசாட்சி கீதா? வேணாம்.” நானும் சளைக்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஸ்டூலில் வந்து நின்றோம்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசு சட்டம் வந்தபோது, அவர் கவுண்டருக்கும் ஒரு ஸ்டூல் வந்திருந்தது. வந்த நாளிலிருந்து அதன்மேல் புடவைப் பெட்டிகள்தான் உட்கார்ந்திருந்தன. கஸ்டமர் நிற்கும்போது விற்பவன் உட்கார்ந்தால் அது அவமரியாதை, அவர்கள் அடுத்த கவுண்டருக்குப் போய்விடுவார்கள் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. வலி தாங்க முடியாமல் போன பிறகு உட்கார்ந்து பிரயோஜனம் இல்லை, ஏறுவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து எழுந்தால் கடை மூடும்போது அந்த அளவு வலி இருக்காது, அந்த வலி இல்லாவிட்டால் ஒயின் ஷாப் பக்கம் கால் போகிற வேகமும் குறையும் என்று விளக்கினேன்.

“கஸ்டமர் போய்ட்டா?”

“ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க. போறாங்களா இல்லையான்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க.”

அடுத்த வியாழன் அவர் நடித்தே காட்டினார். மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி பேத்தி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்திருக்கிறார். இவர் நாலு தடவை எச்சில் விழுங்கிவிட்டு, “அம்மா, இடுப்பு வலி, உக்காந்துகிட்டுக் காட்டட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். மாமி, “பேஷா உக்காருங்கோ, நேக்கும் முட்டி பிராணன் போறது” என்று தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாராம். அதற்கப்புறம் பாதி நேரம் முட்டியைப் பற்றித்தான் பேச்சாம். “எந்த எண்ணெய தேய்க்கணும்னு வேற சொல்லிக் குடுத்துகிறாங்க மேடம்” என்று சிரித்தார். அது பவுடர் போட்ட சிரிப்பு இல்லை. வியாழக்கிழமைக் கட்டிங் அதற்குள் நின்றுவிட்டிருந்தது. ராத்திரிக் குடியும் டாக்டர் சொன்னபடி இறங்கிக்கொண்டு வந்தது.

ஆனால் தீபாவளி வந்துகொண்டிருந்ததே! பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு டூட்டி. தனசேகரிடமிருந்து அழைப்பு வந்தது. வியாழக்கிழமை தவிர அவர் பேசியதே இல்லை.

“வணக்கம் மேடம்! நல்லா இருக்கீங்களா? சும்மாதான் போன் பண்ணேன். இங்க எல்லாம் சூப்பரா போயிட்டு இருக்கு மேடம்.”

அச்சு அசல் கடைத் தமிழ்.

“வேற காட்டுங்க, தனசேகர்.”

அவர் குரல் இறங்கிவிட்டது.

“இடுப்பு வுட்டுப் போச்சு மேடம். காலைலருந்து ஒக்காரவே வுடல. ஸ்டாக் ரூம்ல கீறேன். கூட வேல செய்றவன் பாவம் பாத்து கூல்டிரிங்ஸ் பாட்டில்ல கலந்து குடுத்துகிறான். கையில கீது.”

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? குடிக்காதீங்க என்றா? வசந்தாவை நினைச்சுப் பாருங்க என்றா? மேனேஜர், வேலை, வசந்தா எல்லாம் என்னைவிட அவருக்குத் தெரியும். தெரிந்துதானே போனைப் போட்டிருக்கிறார். அந்த நிமிஷத்தில் அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தது இடுப்பு. அதற்கு ஏதாவது செய்யாமல் நான் பேசுகிற எதுவும் அவர் காதில் ஏறாது.

“உங்க ஸ்டூல் எங்க?”

“இங்க தான் கீது. மேல பொட்டி அடுக்கி வச்சுகிறானுங்க.”

“எறக்கி வைங்க. ஒவ்வொண்ணா, மெதுவா, ரெண்டு கையாலயும். போன ஸ்பீக்கர்ல போட்டு சட்டைப் பையில வச்சுக்கோங்க. கட் பண்ணிடாதீங்க.”

இரண்டு கையும் வேண்டுமென்றால் பாட்டிலை எங்கேயாவது வைத்துத்தானே ஆக வேண்டும். பெட்டிகள் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஸ்டூல் தரையில் உரசியது. “ஸ்ஸ்ஸ்... அம்மாஆ” என்று ஒரு முனகல். இத்தனை நாளில் அவர் எனக்கு முன்னால் முனகியது அன்றுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

அப்புறம் பேசிக்கொண்டே இருந்தோம். இந்த வருஷம் என்ன கலர் போகிறது என்று கேட்டேன், பாசிப்பச்சை என்றார். காலையிலிருந்து யார் யார் உயிரை எடுத்தார்கள் என்று சொன்னார். வெளியே யாரோ “தனசேகரண்ணே!” என்று கூப்பிட்டார்கள்.

“போவணும் மேடம்.”

“பாட்டில்?”

“குடுத்தவன் வந்து பாத்துட்டு அவனே எடுத்துகினு போய்ட்டான். நான் வேணாம்னு தலைய ஆட்டிட்டேன்.”

“போங்க. ஆனா ஸ்டூலையும் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க.”

அன்றைக்கு ராத்திரி அவர் குடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குடித்தார். வியாழக்கிழமை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரே சொன்னார். நான் திட்டவில்லை. கடையில், கவுண்டரில் குடிக்கவில்லை, அதைத்தான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொண்டோம்.

தீபாவளி முடிந்த மாதமே நான் ஓய்வு பெற்றேன். அவரை வேறொரு ஆலோசகரிடம் ஒப்படைத்தேன். அதற்குப் பிறகு அவர் எப்படி இருக்கிறார், வேலை நிலைத்ததா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, அது நம் தொழிலின் ஒழுங்கு. ஆனால் வியாழக்கிழமை காலையில் காபி குடிக்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் டேங்க் ஞாபகத்துக்கு வரும்.

தை மாதம் என் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். வேறு கடை எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், காரணத்தை மட்டும் சொல்ல முடியவில்லை. முகூர்த்தப் பட்டு மாடிக்கு ஏறினோம். அந்த கவுண்டரில் வேறு யாராவது நின்றால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

தனசேகர் நின்றுகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டார், அது எனக்குத் தெரிந்தது. வெளியே பார்த்தால் நாமாக அறிமுகம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்களே, நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் “வாங்கம்மா, என்ன கலர்ல பாக்கறீங்க?” என்று அக்காவிடம் ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று பிரித்துப் போட்டார். அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

“வேற காட்டுங்க” என்றாள்.

அவர் கை தட்டுக்குப் போகவில்லை. கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“ஒரு நிமிஷம்மா, இடுப்பு வலிக்குது. உக்காந்துகிட்டுக் காட்டறேன்.”

“அதுக்கென்ன, நல்லா உக்காருங்க” என்றாள் அக்கா.

அவர் ஒரு பாசிப்பச்சைப் புடவையை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தார். அக்கா பெண்ணைக் கூப்பிட அந்தப் பக்கம் திரும்பினாள். நான் பார்டரைப் பார்க்கிற சாக்கில் நன்றாகக் குனிந்தேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதக்கணக்கில் லீவில் இருந்த மூக்கு அது. புதுப் பட்டு வாசனையும், விபூதி வாசனையும், எங்கேயோ லேசாக ஒரு தைல வாசனையும் வந்தன. வேறு ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை, சந்தேகம் தீர, மூச்சை இழுத்தேன்.

தனசேகர் புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“இன்னா மேடம், ஊதிக் காட்டவா?”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து கவுண்டர்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “என்னடி, புடவையப் பாத்து இப்படிச் சிரிக்கற?” என்று அக்கா ஓடி வந்தாள்.

“ஒண்ணும் இல்லைக்கா. இந்தப் புடவை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, இதையே எடுத்துக்கலாம்” என்றேன்.